24 மீற்றர் விழுந்த செருப்பு

விமானம் ஏறுமுன் பெட்டியை நிறுப்பார்கள் என்று தெரியும். ஆளையும் நிறுப்பார்கள் என்பதைப் பிஜியில், நாண்டி விமான நிலையத்தில்தான் கண்டேன். தவெயுனி என்ற தீவுக்குப் போகிற விமானம் அவ்வளவு சின்னது. எங்கள் ஊர் ஹயஸ் வானுக்கு இறக்கை முளைத்த மாதிரி. கைப்பையையும் அணைத்துக்கொண்டு தராசில் ஏறி நின்றேன். எண் எழும்பியதும் பேரன் அதைச் சத்தமாக வாசித்தான், அதுவும் ஆங்கிலத்தில், வரிசையில் நின்ற எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி.

சரி, நான் சொல்ல வந்தது தராசைப் பற்றி இல்லை. நீர்வீழ்ச்சியைப் பற்றி. அதற்கு முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். மட்டக்களப்பில் 33 வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். நீர்வீழ்ச்சி எப்படி உருவாகிறது என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேனோ தெரியாது. ஆனால் ஒரு நீர்வீழ்ச்சியைக்கூட நான் நேரில் கண்டதில்லை. தண்ணீர் மேலிருந்து கீழே கொட்டுவதை என் கண்ணால் பார்த்தது என்றால், அது உன்னிச்சைக் குளம் வான் பாய்கிறபோதுதான்.

உயரமெல்லாம் வாய்ப்பாடு மாதிரி வரும். பம்பரகந்த 263 மீற்றர், தியலும 220, துன்ஹிந்த 64. கரும்பலகையில் கீறவும் நன்றாக வரும். மேலே வன்பாறை, கீழே மென்பாறை. தண்ணீர் மென்பாறையை அரிக்க அரிக்க மேற்பாறை பந்தல் போல நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு நாள் பாரம் தாங்காமல் உடைந்து விழும். நீர்வீழ்ச்சி ஓர் எட்டுப் பின்னுக்குப் போகும். பாறைகளைக் கோடு கோடாகக் கீறிவிட்டு, கடைசியில் தண்ணீருக்கு மட்டும் வெண்கட்டியைப் படுக்கவைத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. "டீச்சர் அருவி விட்டுட்டா" என்று பின்வாங்கில் ஒரு சத்தம் வரும்.

1990ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் பிள்ளைகளைத் துன்ஹிந்தவுக்குக் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவெடுத்தோம். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு பிள்ளைக்கு இருபத்தைந்து ரூபா. செங்கலடியில் தொடங்குகிற ஏ5 வீதி நேரே பதுளைக்குத்தான் போகிறது. வெள்ளாப்பில் வெளிக்கிட்டால் மத்தியானச் சோற்றுக்குப் பதுளையில் நிற்கலாம். ஆனி மாதம் சண்டை தொடங்கியது. அதற்குப் பிறகு அந்த வீதியில் கறுத்தப் பாலத்தைத் தாண்டிப் போவதே பெரிய கதையாகிவிட்டது. பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது காசைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க வராத பிள்ளைகளும் இருந்தார்கள்.

பிறகு பாதை திறந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. போகலாம்தான். ஆனால் பாருங்கள், எட்டுகிற இடத்தில் இருக்கிறதைப் பார்க்க எப்பவும் நேரம் வராது.

மகள் சிட்னியில் இருக்கிறாள். போன வருடம் ஆடி மாதம் நான் அங்கே நிற்கும்போது பேரனுக்குப் பள்ளி விடுமுறை வந்தது. பிஜிக்குப் போவோம் என்றாள். நல்ல கடற்கரை, நீல நிறத் தண்ணீர் என்று கைப்பேசியில் படம் படமாகக் காட்டினாள். "கடல் பார்க்க நான் பிஜிக்குப் போக வேணுமா மனே? கல்லடியில வீட்டு வாசல்ல நின்டா இரைச்சல் கேக்குமே" என்றேன். அப்படியென்றால் உங்களுக்கு என்ன பார்க்க வேணும் என்று கேட்டாள். வாயில் வந்தது நீர்வீழ்ச்சிதான். நானே எதிர்பார்க்கவில்லை.

நாண்டியில் ஒரு பகல் நின்றோம். அங்கே ஒரு முருகன் கோயில் இருக்கிறது, சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில். இப்போதிருக்கிற கட்டடம் 1994இல் குடமுழுக்குக் கண்டது. கோபுரத்துக்குப் பின்னால் பச்சை மலை, சுற்றிவரக் கரும்பு விளைகிற நாடு. வாய்கட்டிப் பூசை செய்கிற மண்டூர் முருகனைக் கும்பிட்டு வளர்ந்த எனக்கு, இந்தச் சுவர் முழுக்க நிறம் நிறமாக இருந்த ஓவியங்கள் கொஞ்சம் கூடுதலாகவே பட்டன. அதுக்கென்ன, முருகன் முருகன்தானே. ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தோம்.

தவெயுனிக்கு விமானம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய்விடும். மத்தேய் என்ற இடத்தில் இறங்கினால் விமான நிலையம் என்று ஒரு சின்னக் கட்டடமும் நிறையத் தென்னை மரமும். மரங்களைப் பார்த்ததும் மனது ஆறிவிட்டது. ஒரு காலத்தில் கொப்பராவுக்காக நட்ட தோப்புகளாம். தென்னந்தோப்பு, மரவெள்ளி, சேம்பு, பலா, கோழி குறுக்கே ஓடுகிற வீதி. தூக்கிக் கொண்டுபோய் வாகரைப் பக்கம் வைத்தாலும் ஆருக்கும் வித்தியாசம் தெரியாது, பின்னால் நிற்கிற மலையை மட்டும் மறைத்துவிட்டால்.

புவியியல் டீச்சருக்கு அந்தத் தீவில் இன்னொரு காரியமும் இருந்தது. 180 பாகை தீர்க்கரேகை அந்தத் தீவுக்குள்ளாலேயே போகிறது. வையேவோ என்ற ஊரில் அதற்கு ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். ஒரு காலை இந்தப் பக்கமும் மற்றக் காலை அந்தப் பக்கமும் வைத்து நின்று படம் பிடித்துக்கொண்டேன். மட்டக்களப்பு 81 பாகை சொச்சம் கிழக்கு. அங்கிருந்து கிழக்கே நடந்து நடந்து கிழக்கே முடிகிற இடத்துக்கு வந்துவிட்டேன். "அப்ப அம்மம்மா, உங்கட ஒரு கால் நேற்றிலயா நிற்குது?" என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. இல்லை மனே, பிஜி முழுக்க ஒரே நாளாக இருக்கட்டும் என்று திகதிக் கோட்டை மட்டும் கிழக்கால வளைச்சு விட்டிருக்கிறாங்க என்றேன். அவனுக்கு ஏமாற்றம்.

எங்களை நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போன வாகனக்காரர் இந்திய வம்சாவளி. குடும்பப் பெயர் கவுண்டர். தமிழ் தெரியாது. அவருடைய அப்பாவின் தாத்தா மதராசிலிருந்து கப்பலேறி வந்தவராம், 'கிர்மித்' காலத்தில். ஒப்பந்தத்துக்குரிய ஆங்கிலச் சொல் அந்தச் சனங்களின் வாயில் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. 1879இலிருந்து 1916 வரைக்கும் அப்படி அறுபதாயிரம் பேர் வந்திருக்கிறார்கள். மதராசிலிருந்து கப்பல் வரத் தொடங்கியது 1903இல். இப்போது எல்லோருக்கும் பொதுவாக பிஜி ஹிந்திதான் வீட்டுமொழி. நாங்கள் பின்னால் இருந்து தமிழில் பறைந்துகொண்டு வர, மனுசன் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் "அம்மா... தண்ணி... வா... போ..." என்று தனக்குத் தெரிந்த சொற்களை ஒன்றொன்றாக எடுத்து வைத்தார், பழைய தகரப்பெட்டியின் அடியிலிருந்து எடுக்கிற மாதிரி. 'தண்ணி' கிடந்ததே, எனக்கு அது காணும்.

மத்தேயிலிருந்து கிழக்குக் கரையால் போக வேண்டும். போகப்போக வானம் இருண்டது. தார் வீதி முடிந்து கிறவல் வந்தது, மழையும் வந்தது. அந்தப் பக்கம் எப்பவும் இப்படித்தான் என்றார் அவர். மேற்குப் பக்கம் வெயில் எரிக்கும்போதும் இங்கே பெய்யுமாம்.

அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். பேரனின் கையைப் பிடித்து உள்ளங்கையைச் செங்குத்தாக வைத்தேன். இது மலை. தீவின் நடுவால முதுகெலும்பு மாதிரிப் போகிறது, 1,200 மீற்றருக்கு மேலே. தென்கிழக்கிலிருந்து வருகிற காற்று கடல் முழுக்கத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வந்து இதில் முட்டுகிறது. முட்டினால் மேலே ஏற வேணும். ஏறினால் குளிரும். குளிர்ந்தால் குடித்ததைக் கக்க வேணும். இந்தப் பக்கம் மழை, மற்றப் பக்கம் வெறுங்காற்று.

சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு எங்கள் கச்சான் காற்று ஞாபகம் வந்தது. வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் மேற்கால வந்து வாயும் தொண்டையும் காய்ந்து, கொடியில் போட்ட சேலை அரை மணித்தியாலத்தில் அப்பளமாகிப் போகிற அந்தக் காற்று. அதுவும் இதே காற்றுக் கதைதான். தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மலையில் ஏறி இருந்ததையெல்லாம் கொட்டிவிடுகிறது. அங்கே நீர்வீழ்ச்சிக்கு மேல் நீர்வீழ்ச்சி. மலையிறங்கி எங்களிடம் வரும்போது கையில் ஒன்றும் இல்லை, சூடு மட்டும். அவர்கள் பிழிந்து குடித்த தேங்காய்ப்பூவின் சக்கைதான் எங்கள் கச்சான். 33 வருடம் இரண்டையும் தனித்தனிப் பாடமாகவே படிப்பித்திருக்கிறேன். ஒரே பாடம் என்று சொல்லியிருந்தால் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் முழித்திருப்பார்கள்.

போகிற வழியில் வரைபடத்தில் அந்தத் தீவின் ஊர்ப்பெயர்களை வாசித்துக்கொண்டு போனேன். வையேவோ, வைரிக்கி, வைத்தவாலா, வைத்தாம்பு. 'வை' என்றால் தண்ணீராம். தண்ணீரை வைத்துத்தான் ஊருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் மட்டும் என்ன? தம்பிலுவில், கோளாவில், பொத்துவில், கரடியனாறு, பாசிக்குடா. எங்கள் பெயரெல்லாம் தேங்கி நிற்கிற தண்ணீர், அல்லது மெல்ல ஊர்கிற தண்ணீர். வில் என்றால் குளத்துக்குத் தம்பி. குடா என்றால் கடல் வந்து இளைப்பாறுகிற இடம். அந்தச் சனங்களுக்கு விழுகிற தண்ணீருக்கென்றே தனிச்சொல் இருக்கிறது, 'சவு'.

போமா என்ற இடம். நுழைவாயிலில் ஒரு குடில், அதில் ஒரு பெண், என் வயது இருக்கும். அது ஒரு தேசிய மரபுப் பூங்கா, ஆனால் நடத்துவது அந்தக் கிராமத்துச் சனங்கள்தான். காடு அவர்களுடையது, பாதையைச் செருக்குவதும் அவர்கள், ரிக்கற் காசும் அவர்களுக்கு. நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ஊருக்குள் தொப்பி போடுவது மரியாதைக் கேடு என்று கவுண்டர் சொல்லியிருந்தார். "புலா" என்று அந்தப் பெண் சிரித்தாள். கட்டியிருந்த சுலு அப்படியே எங்கள் ஆம்பிளையளின் சாரன்தான், பூ மட்டும் பெரிசு.

குடிலுக்குப் பக்கத்தில் தலையில்லாத ஒரு தென்னை நின்றது. நான் பார்ப்பதைக் கண்டு, "வின்ஸ்டன்" என்றாள். 2016 மாசி மாதம் அடித்த புயல். வீட்டுக்கூரை போனதைக் கையால் காட்டினாள், உள்ளங்கையை விரித்து மேலே தூக்கி. நான் 1978 கார்த்திகை 23ஐச் சொன்னேன். எனக்கு அப்போது பதினாறு வயது. ஆரையம்பதியில் எங்கள் வளவில் ஒரு தென்னைகூட மிஞ்சவில்லை, கட்டிலுக்குக் கீழே ஏழு பேர் படுத்துக் கிடந்தோம். மகள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அவள் நாக்கைத் தட்டித் தட்டிக் கேட்டாள். பிறகு ரிக்கற்றைக் கிழித்துத் தந்தாள். காசு குறைக்கவில்லை. குறைக்க வேண்டியதும் இல்லை.

தவோரோ நீர்வீழ்ச்சி ஒன்றல்ல, மூன்று. ஒரே ஆறு மூன்று இடத்தில் விழுகிறது. முதலாவதுக்குக் கால் மணித்தியால நடை, புல் வெட்டிய சமதரைப் பாதை, இரண்டு பக்கமும் செவ்வரத்தை. பேரன் முன்னால் ஓடினான். கண்ணுக்கு எதுவும் தெரியுமுன் காது நிறைந்துவிட்டது. நான் அதைக் கடலென்றே நினைத்தேன். கல்லடிக் காதுக்கு இரைச்சல் என்றால் கடல்தான். ஆனால் கடல் மூச்சு வாங்கும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் ஓர் இடைவெளி விடும். இது விடவில்லை.

பாதை திரும்பியது. 24 மீற்றர். எண் எனக்கு முன்பே தெரியும். துன்ஹிந்தவில் பாதிகூட இல்லை. ஆனால் நிமிர்ந்து பார்க்க, தலையிலிருந்து கண்ணாடி நழுவியது. கறுத்த எரிமலைப் பாறை, அதன் நடுவால் வெள்ளை. நான் கீறுகிற மாதிரி ஒரே இழுப்பு இல்லை அது. தண்ணீர் விழும்போது ஒரு திரளாகப் புறப்பட்டு, பாதி வழியில் பிரிந்து, திரும்பக் கூடி, கீழே வரும்போது பாதி புகையாகப் போகிறது. ஒரு திரளைக் கண்ணால் பிடித்து மேலிருந்து கீழே வரைக்கும் கூட்டிக்கொண்டு வரப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் நடுவில் தவறவிட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. அன்றைக்கு அந்தக் காட்டுக்குள் காற்றே இல்லை, புழுக்கம். ஆனால் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் நின்ற சேம்பிலைகள் மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. விழுகிற தண்ணீர் தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு வந்து கீழே அடிக்கிறது. அந்தக் காற்று நாலு பக்கமும் ஓடுகிறது. ஓர் இலை எனக்கு நேரே, ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டே நின்றது. நாங்கள் இல்லாத நேரத்திலும், இரவிலும், சாமத்திலும் அது அப்படியேதான் ஆடிக்கொண்டிருக்கும் என்று நினைக்க என்னவோ செய்தது. இதை எந்தப் படத்திலும் கீறியதில்லை.

நான் நன்றாக நீந்துவேன், களப்பில் வளர்ந்தவள். ஆனால் தண்ணீரில் இறங்க முன் கண் தானாகக் கரையைத் தேடுகிறது, முதலை கிடக்குதோ என்று. மருமகன் சிரித்துவிட்டார். பிஜியில் முதலை இல்லை. கரையில் அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் உடுத்த உடுப்போடேயே இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல். நானும் சுடிதாரோடு இறங்கினேன். தண்ணீர் குளிரென்றால் அப்படியொரு குளிர். களப்புத் தண்ணீர் எங்களோடு சேர்ந்து சூடாகி, எங்களோடு சேர்ந்து ஆறுகிற தண்ணீர். இது ஆரையும் தெரியாத தண்ணீர்.

பெரும்பாலானவர்கள் முதலாவதோடு திரும்பிவிடுவார்களாம். முழங்கால் நோவை நினைத்து மகளும் அதையே சொன்னாள். நான் மூன்றையும் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்த ஊர்ப் பொடியன் ஒருவன் கூட வந்தான், வெறுங்காலோடு. அவன் கால் விரல்கள் விரிந்து வேர்களைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தபடியே ஏறினேன். மேலே ஓரிடத்தில் மரங்கள் விலகிக் கடல் தெரிந்தது. பறவைச் சத்தம் காதை அடைத்தது. அதற்கும் ஒரு கதை சொன்னான். கரும்புத் தோட்டத்து எலியைப் பிடிக்கவென்று 1883இல் வெள்ளைக்காரர் இந்தியாவிலிருந்து கீரியைக் கொண்டுவந்து பெரிய தீவுகளில் விட்டார்களாம். அது எலியை விட்டுவிட்டுப் பறவைகளின் முட்டையைத் தின்றது. தவெயுனிக்குக் கீரி வரவில்லை. அதனால்தான் இவ்வளவு சத்தம்.

இரண்டாவதுக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டும். குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. தண்ணீர் முழங்காலளவுதான், ஆனால் இழுவை. நான் போட்டிருந்தது பாட்டாச் செருப்பு. மகள் சப்பாத்து வாங்கித் தந்ததை, கடிக்கும் என்று ஹோட்டலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். நடு ஆற்றில் ஒரு கல் பாசியாக இருந்தது. வழுக்கியது. கயிற்றைவிட்டு ஒரு கை எடுத்துவிட்டேன், அந்தப் பொடியன் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் நின்றேன், இடது கால் செருப்பு நிற்கவில்லை. நீல வார்ச் செருப்பு, இரண்டு தரம் குட்டிக்கரணம் அடித்துவிட்டுப் பாறை இடுக்கால் மறைந்துபோனது. "அம்மம்மாட செருப்பு!" என்று பேரன் கத்தினது மலையில் எதிரொலித்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் எனக்குத்தான் கூடப் பயம்.

மற்றச் செருப்பையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். வெறுங்காலில் நடப்பது எனக்குப் புதிதா? கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையால் நடந்த கால் இது, நாற்பது வருடத்துக்கு முன்பென்றாலும்.

இரண்டாவது நீர்வீழ்ச்சி அழகுதான். ஆனால் நான் செருப்பை நினைத்துக்கொண்டிருந்ததால் அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

மூன்றாவதுக்குப் பாதை சேறு. ஆட்கள் குறைவு, அன்றைக்கு நாங்கள் மட்டும்தான். மூன்றிலும் இதுதான் சின்னது. அகலமான ஒரு தடாகம், ஓரமாகத் தண்ணீர் விழுகிறது, அவ்வளவுதான். நான் ஒரு பாறையில் இருந்து, நொந்துபோன கால்களைத் தண்ணீருக்குள் விட்டேன். கொஞ்ச நேரத்தில் பெருவிரலில் என்னவோ ஊசி முனையால் தொட்ட மாதிரி. குனிந்து பார்த்தேன். இறால்! கண்ணாடி மாதிரி உடம்பு, உள்ளே குடல் ஒரு கறுத்த நூலாகத் தெரிகிறது. முன்காலைத் தூக்கி என் நகத்தைத் தட்டிப் பார்க்கிறது. பிறகு இன்னொன்று, பிறகு பத்துப் பன்னிரண்டு. பேரன் முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையை அமிழ்த்தினவன், நிமிர்ந்து கையால் எண்ணிக்கையைக் காட்டப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டான். அடியில் நூற்றுக்கணக்கில் கிடந்தனவாம்.

மட்டக்களப்பாளுக்கு இறாலைக் கண்டால் முதலில் வருவது பால்கறி நினைவுதான், மறைக்க மாட்டேன். ஆனால் அங்கே கறியைவிட வேறொன்று பிடித்துக்கொண்டது. எனக்கு இறால் என்றால் களப்பு. உப்பும் சேறும் கண்டலுமாகக் கலங்கிய தண்ணீர், வீசுவலை, விடியச் சாமம். எங்கள் தண்ணீர் கிழட்டுத் தண்ணீர். முந்தனை ஆறு மேற்கே மலையடிவாரத்தில் பிறந்து, வயலெல்லாம் நனைத்து, ஓடிக் களைத்து வந்து களப்பில் இருந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதற்குப் போக்கிடம் இல்லை. முகத்துவாரமும் மணல் மூடிக் கிடக்கும். மார்கழி வெள்ளம் வந்து வீட்டுப்படி நனைகிறபோது ஆட்கள் போய் அந்த மணலை வெட்டிவிட்டால்தான் கடலுக்குப் போகும். நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது தண்ணீரின் கடைசிக் காலத்தைத்தான். இங்கே அதன் பால்குடிப் பருவத்தைக் காட்டுகிறார்கள். இரண்டிலும் இறால் இருக்கிறது!

திரும்பி இறங்கும்போது முழங்கால் பேசத் தொடங்கிவிட்டது. அதை விடுங்கள். முதலாவது நீர்வீழ்ச்சிக்குத் திரும்ப வந்தபோது பின்னேரம் ஆகியிருந்தது. பேரன்தான் கண்டான். தடாகத்தின் ஓரத்தில், நுரையும் காய்ந்த இலையும் ஒதுங்கிச் சுற்றுகிற இடத்தில், நீல வார் மேலே தெரிய என் இடது கால் செருப்பு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். நாங்கள் மேலே கடந்த அதே ஆறு. அந்தச் செருப்பு பாறையெல்லாம் தட்டுப்பட்டு வந்து, விளிம்பில் நின்று, 24 மீற்றர் விழுந்து, அடியில் அமிழ்ந்து, திரும்ப மிதந்திருக்கிறது. வார்கூட அறவில்லை. ஆற்றின் வேகத்தை அளக்க மிதவை முறை என்று ஒன்று படிப்பிப்போம். ஒரு தோடம்பழத்தையோ தக்கையையோ ஆற்றில் போட்டு, இந்தத் தடியிலிருந்து அந்தத் தடிக்கு எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். நான் போட்டது செருப்பு. போட்ட நேரத்தைப் பார்க்காமல் விட்டது என் பிழை. கூட வந்த பொடியன் குதித்துப்போய் எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் தந்தான், பட்டமளிப்பில் தருகிற மாதிரி. "வினாகா" என்றேன். அந்தச் சொல்லை மட்டும் நன்றாகப் பழகியிருந்தேன்.

மிச்ச நாட்களில் வைத்தவாலா என்ற இடத்தில் பாறைச் சறுக்கு ஒன்றுக்குப் போனோம். ஓடைத் தண்ணீர் பாறையை வழுவழுப்பாக்கி வைத்திருக்கிறது, அந்த ஊர்ப் பிள்ளைகள் நின்றுகொண்டே சறுக்கிப் போகிறார்கள். மருமகன் இருந்துகொண்டு சறுக்கினார், இரண்டு நாள் குப்புறப் படுத்தார். அதற்கு மேல் எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட ஏலாது. தங்கியிருந்த இடத்துச் சமையற்கார அம்மா, பலகையில் குந்தியிருந்து தேங்காய் திருவினாள். நுனியில் பல்லு வைத்த இரும்பு, கீழே சட்டி, அப்படியே எங்கள் வீட்டுத் திருவலை. பாலைப் பிழிந்து சேம்பிலையில் ஊற்றி அவித்துத் தந்தாள். மிளகாய் இல்லை, பழப்புளியும் இல்லை, ஆனால் முதற்பாலின் ருசி அப்படியே நாக்கில் நின்றது. நான் பையில் கொண்டுபோயிருந்த மாசிச் சம்பலைத் தொட்டுக்கொண்டேன். அவளும் கொஞ்சம் தொட்டுப் பார்த்தாள். கண்ணால் தண்ணீர் வந்தது, ஆனால் இன்னொரு தரமும் தொட்டாள்.

ஊருக்கு வந்து படங்களை வாட்ஸ்அப்பில் பழைய மாணவர் குழுவில் போட்டேன். இதயமும் கைகூப்பும் வரிசையாக வந்தன. "டீச்சர், வன்பாறை எங்க, மென்பாறை எங்க?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள், இப்போது அவளும் டீச்சர். இரவு பத்து மணிக்குப் பிறகு ஒரு குரல்பதிவு வந்தது. 1990இல் என்னிடம் படித்தவன். இப்போது செங்கலடியில் வான் வைத்து ஓடுகிறான். பின்வாங்கில் இருந்து கத்துகிற அதே குரல், கொஞ்சம் தடித்திருக்கிறது.

"டீச்சர், அண்டைக்கு எல்லாரும் காசத் திருப்பி வாங்கினாங்க. நாங்க அப்ப அகதி முகாமில. நான் வாங்கல்ல. என்ட இருவத்தஞ்சு ரூவா உங்களுக்கிட்டதான் இரிக்கு."

மூன்று தரம் போட்டுக் கேட்டேன். பிறகு இன்னொரு பதிவு வந்தது.

"தை கடைசியில மழை விடட்டும். துன்ஹிந்தவுக்கு நான் கூட்டிப் போறன். டீசலுக்கு அந்தக் காசு காணும். செருப்ப மட்டும் வீட்டில வெச்சிட்டு, சப்பாத்துப் போட்டுட்டு வாங்க."